தம்பிக்கு மனச்சிதைவு: மாத்திரை ஒழுங்கா போகுது, ஆள்தான் வெளிய வரமாட்டேங்கிறான்

அம்மாபேட்டை_அக்கா:

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுறேன். தம்பிக்கு 26 வயசு. மூணு வருஷமா மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம், கடைசியா வீட்டுக்கு வந்து எட்டு மாசம். இப்ப நோய்க்கு ராத்திரி ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம், அதால விறைப்பு வராம இருக்கக் காலையில ட்ரைஹெக்சிஃபெனிடில் 2 மில்லிகிராம். குரல் கேக்குறது ரொம்பக் குறைஞ்சிருச்சு. யாரையும் சந்தேகப்படுறதில்ல.

ஆனா காலையில 11 மணிக்குத்தான் எந்திரிக்கிறான். சொன்னாத்தான் குளியல். மத்த நேரம் சுவரைப் பாத்து படுத்திருக்கான், கேட்டா ஒத்தை வார்த்தைல பதில். முன்னாடி கொலுசுப் பட்டறையில பற்றவைப்பு வேலை பாத்தவன். "தின்னுட்டு தின்னுட்டு படு"ன்னு அம்மா காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஓயறதில்ல. அப்பா எதுவும் பேசமாட்டார். எங்களுக்கு இருக்கிறது ஒரு ஹாலும் சமையக்கட்டும்தான்.

அடுத்த மாசம் ஆடிப்பண்டிகை. சொந்தக்காரங்க எட்டு பேர் வந்து தங்குவாங்க. வண்டி வேடிக்கைக்கு (சாமி வேஷம் போட்டு வண்டியில வர்ற ஊர்வலம்) கூட்டிட்டுப் போகலாமா? வேலைக்கு எப்ப அனுப்பலாம்? வெளிய கொண்டு வர எங்கிருந்து ஆரம்பிக்கணும்? மருந்து மாத்தச் சொல்லுங்கன்னு கேக்கல, வீட்ல நாங்க என்ன செய்யணும்னுதான் கேக்குறேன்.

மனநல_சமூகப்பணி:

மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை என்கிறீர்கள், ஆனால் ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது சகோதரி. படுத்தே கிடப்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும்.

முதலாவது நோய். குரல், சந்தேகம் போன்றவை மருந்தில் சீக்கிரம் அடங்கும். ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி காட்டாதது ஆகியவை மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. இது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறி சினிமாவுக்குக் கூப்பிட்டால் எழுந்து வருவான், இவரால் அதற்கும் முடியாது.

இரண்டாவது மருந்தின் பக்கவிளைவு. அவர் நடக்கும்போது பின்னாலிருந்து பாருங்கள். கை வீசி நடக்கிறாரா, உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்கிறாரா? ஒரு தாளில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறதா? அப்படியென்றால் அது மருந்தால் வந்த விறைப்பு. அளவைக் குறைத்தோ மாற்றியோ மருத்துவர் சரிசெய்வார். இதற்கு நேர்மாறாக, உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டே இருந்தால் அதுவும் மருந்துதான். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று வீட்டிலேயே ஒரு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் தவிப்பு இன்னும் ஏறும்.

மூன்றாவது மனச்சோர்வு. நல்லறிவு திரும்பும்போதுதான் இழந்ததெல்லாம் கண்ணில் படும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகான மாதங்களில் தற்கொலை எண்ணம் வருவதுண்டு. "சாகணும்போல தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "ஆமாம்" என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நடு ராத்திரியானால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். உங்கள் அம்மாவும் அதில் தன் கஷ்டத்தைப் பேசலாம்.

ராத்திரி மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறார் என்றும் பாருங்கள். பத்தரை, பதினொன்று என்றால் காலை மயக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே காலை ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்துவிடும்.

அடுத்தது அம்மாவின் பேச்சு. லண்டனில் 1976இல் வான், லெஃப் இருவரும் செய்த ஆய்வு இதில் பிரபலமானது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திவைப்பு உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். அதே வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் அதிகம். சண்டிகரில் 1980களில் பார்த்தபோது இப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. நம் குடும்பங்களுக்கு அது சாதகம்தான், ஆனால் ஒரே ஹாலில் நாள் முழுக்க அம்மாவும் மகனும் என்றால் அந்த 35 மணி நேரம் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். அதனால் "திட்டாதீங்க" என்று அம்மாவுக்குப் புத்தி சொல்வதைவிட, இருவரையும் தினம் நாலு மணி நேரம் பிரித்து வைப்பது சுலபம். அம்மா கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகட்டும், இல்லையென்றால் தம்பி மாடிக்குப் போகட்டும்.

பேச்சையும் மாற்றலாம். "எப்பப் பாத்தாலும் படுத்தே கிட" என்பதில் அவர் செய்யக்கூடிய காரியம் எதுவும் இல்லை. "ஒன்பது மணிக்கு இந்தக் குடத்தை நிரப்பிடு" என்பதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லி, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். காதில் விழுந்ததை மனதில் வாங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் நாலு தடவை திரும்பச் சொன்னால் அவருக்கு நாலும் குழம்பும். எப்போதாவது குரல் கேட்கிறதென்றால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. பயமா இருக்கா?" இது போதும்.

வெளியே வருவதற்கு உங்கள் ஊரிலேயே நல்ல சாக்கு இருக்கிறது: தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தெருக்கடையில் விற்கும் தட்டுவடை செட். முதல் வாரம் கடைக்கே போக வேண்டாம். சாயங்காலம் தெருமுனை வரை பத்து நிமிடம், கூட நீங்கள். இரண்டாம் வாரம் நாலரை மணிக்கு, கூட்டம் சேருமுன், கடையருகே நின்றுவிட்டு வாருங்கள். வாங்குவது நீங்கள். மூன்றாம் வாரம் "ரெண்டு செட்" என்று சொல்வது அவர். நாலாம் வாரம் சரியான சில்லறையை அவர் கையில் கொடுங்கள், அதற்கடுத்த வாரம் மீதி வாங்க வேண்டிய நோட்டு. ஆறாம் வாரம் அவர் தனியாகப் போக, நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படியிலேயே இன்னொரு வாரம். இந்தப் பயிற்சி பெரும்பாலும் எங்கே முறியும் தெரியுமா? கடைக்காரர் "எங்கப்பா, ஆளையே காணோம்?" என்று கேட்கும் இடத்தில். அதற்குப் பதிலை வீட்டிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்: "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பரவாயில்ல." நீங்கள் கடைக்காரராக நடியுங்கள். நோயின் பெயரைத் தெருவில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பொய்யும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே கேரட், பீட்ரூட் துருவி செட் போடுகிறீர்களானால் துருவும் வேலை அவருடையது. கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை, அரை மணியில் முடியும், முடிந்ததை எல்லோரும் சாப்பிடுவார்கள். மாத்திரை டப்பாவை எடுத்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கொலுசுப்பட்டறை:

வேலை பத்தி மட்டும் சொல்றேன்.

பழைய பற்றவைப்புக்கு உடனே அனுப்பாதீங்க. கை லேசா நடுங்கினாலே பற்றவைக்கிற பொடியும் நெருப்பும் தப்பிப்போகும், மாத்திரை மயக்கத்துல கேஸ் ஊதுகுழல் கிட்ட உக்காரக் கூடாது. அமிலத்துல போட்டு எடுக்கிற வேலையும் இப்ப வேணாம். சலங்கை கோக்கிறது, கொக்கி மாட்டுறது, ஜோடி சேர்க்கிறது, எண்ணி பாக்கெட் போடுறது, இதுல ஆரம்பிக்கலாம். முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் பகல் 11க்கு மேல. அப்புறம் ரெண்டு மணி நேரம். நாலு மணி நேரத்தைத் தொட மூணு மாசம் ஆகட்டும். "நல்லாத்தான் செய்யறான்"னு ரெண்டாவது வாரமே முழு நாள் உக்கார வச்சாங்கன்னா மூணாவது வாரம் போர்வையை இழுத்து மூடிக்குவான்.

யாரும் சொல்லாத ஒண்ணு: வெள்ளி எடை. பட்டறையில நாலு கிராம் குறைஞ்சாலும் முதல் பழி இவன் மேலதான் விழும். அதனால வேலையை வாங்கும்போது எடை, திருப்பிக் கொடுக்கும்போது எடை, ரெண்டும் ஒரு சின்ன நோட்டுல ரெண்டு பேர் கையெழுத்தோட இருக்கணும். ஓனர்கிட்ட முதல் நாளே பேசி வச்சுக்கங்க. சந்தேகம் தீர்ந்து வந்தவன் மேல சந்தேகம் விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கூலி பேசாம அனுப்பாதீங்க. "சும்மா உக்காந்து பழகட்டும்"னு சொன்னா அது வேலை இல்ல. எண்ணிக்கைக் கணக்குல அம்பது ரூபா வந்தாலும் அவன் கையில கொடுக்கச் சொல்லுங்க, அம்மா கையில வேணாம்.

அம்மாபேட்டைன்னா விசைத்தறிக்குக் கூப்பிடுவாங்க. தார் சுத்துறது, அதாவது தறிக்கு நூல் சுத்திக் கொடுக்கிறது, நல்ல வேலை. ஆனா தறிச் சத்தத்துக்கு நடுவுல நாள் முழுக்க வேணாம், நைட் ஷிஃப்ட் வேணவே வேணாம். தூக்கம் கெட்டா நோய் திரும்பி வரும், அதுக்கு ஷிஃப்ட் மாறுறதை விட சுலபமான வழி இல்ல.

அம்மாபேட்டை_அக்கா:

ரொம்ப நன்றி. பின்னாடி நின்னு பாத்தேன், கை வீசறதே இல்ல. அடுத்த விசிட்ல சொல்றேன். இன்னும் ரெண்டு விஷயம். பெரியப்பா வீட்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்காங்க, "கல்யாணம் ஆனா தெளிஞ்சிடுவான், நோயைப் பத்தி இப்ப சொல்லாதீங்க"ங்கிறாங்க. அப்புறம், போன வாரம் ரெண்டு நாள் மாத்திரை வேணாம்னான். அம்மா பொடிச்சு ரசத்துல கலந்துட்டாங்க. தப்பா?

பேட்டை_வழக்கறிஞர்:

கல்யாணம்: மறைத்துச் செய்ய வேண்டாம். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 5இல் மணமக்களின் மனநிலை பற்றிய நிபந்தனை இருக்கிறது. அதை மீறியதாகவோ, முக்கிய உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகவோ தெரிந்தால் பிரிவு 12இன்படி திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நோய் இருப்பதாலேயே ஒருவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. அது எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். மறைத்தால் முதல் வாரமே மாத்திரையை ஒளிக்க வேண்டிவரும், ஒளிக்க முடியாமல் நிறுத்துவார், ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரி. அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் தனிக் கணக்கு. முதலில் உங்கள் தம்பியிடம் கேட்டீர்களா? இந்தப் பேச்சில் அவரைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள்.

இரண்டு காகிதங்களை இப்போதே, அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14இன்படி தன் சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதியை அவரே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி அவர் கையெழுத்தோ கைரேகையோ இட்டால் போதும். இன்னொன்று, முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்கூட்டிய அறிவுறுத்தல், பிரிவு 5. "என்னைக் கட்டிப்போட்டு இழுத்துட்டுப் போகாதீங்க, அக்காவைக் கூப்பிடுங்க, அவ சொன்னா வண்டியில ஏறுவேன்" என்று தொடங்குவதாகக்கூட இருக்கலாம். அவர் மறுக்கும் நிலையில் சேர்க்க வேண்டி வந்தால் பிரிவு 89இன்படி 30 நாள் வரை, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில். சங்கிலியால் பிணைப்பதைப் பிரிவு 95 தடை செய்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகும் "ஒரு மண்டலம் கட்டி வச்சா சரியாகும்" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அரசு மருத்துவர் ஐடியாஸ் என்ற அளவுகோலில் தன்னைப் பராமரித்தல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை போட்டு, நோயின் காலத்தையும் சேர்ப்பார். குடும்பங்கள் தோற்பது இங்கேதான். மருத்துவர் "தானா குளிக்கிறாரா?" என்று கேட்டதும் கௌரவத்துக்காக "எல்லாம் அவனே பாத்துக்குவான் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். மதிப்பெண் விழுந்துவிடும். ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை தடவை சொன்ன பிறகு குளித்தார், எத்தனை நாள் யாரிடமும் பேசவில்லை. சேர்க்கைச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் பழையதிலிருந்து வரிசையாக. அப்பா வருமான வரி கட்டுபவர் என்றால், பழைய வரி முறையில் 75,000 ரூபாய் கழிவு உண்டு.

மனநல_சமூகப்பணி:

ரசம்: ஆம், தப்பு. ஒருநாள் தெரியவரும். அன்றிலிருந்து அம்மா கை சோறே சந்தேகம். விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் இந்த நோயில் சாதாரணமாக வருவது, அதை நாமே உண்மையாக்கிக் கொடுத்தது போலாகும். எவ்வளவு ரசம் மிச்சம் வைத்தார் என்று தெரியாதபோது எவ்வளவு மருந்து போனது என்றும் தெரியாது.

ஏன் வேண்டாம் என்றார் என்று கேளுங்கள். அக்காவிடம் சொல்லமாட்டார். ரிஸ்பெரிடோன் சிலருக்கு ஆண்மை சார்ந்த தொந்தரவைக் கொடுக்கும். இளைஞர்கள் வாய் திறக்காமல் மாத்திரையை நிறுத்துவதற்கு இது பெரிய காரணம். அடுத்த விசிட்டில் அவரை ஐந்து நிமிடம் மருத்துவரோடு தனியாக விடுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஒருவேளை தவறினால் அன்றைக்கே நினைவு வந்ததும் போடலாம், மறுநாள் இரட்டையாகக் கொடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அட்டையை எண்ணிப் பாருங்கள். எடை மாதாமாதம், வெறும்வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் மருந்து தொடங்கி மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு வருடாவருடம்.

ஏற்காடு_நாகலூர்ப்பக்கம்:

மேலே எல்லாம் டவுனுக்குச் சரி. மலை மேல இருக்கிறவங்களும் இதைப் படிப்பாங்கன்னு ரெண்டு வார்த்தை.

மாத்திரை வேணாம்னு அடிக்கடி சொல்றவங்களுக்கு நீண்ட நாள் ஊசி இருக்கு. ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் பெரும்பாலும் 25 மில்லிகிராம், ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருக்கா, இடுப்புச் சதையில ஆழமா. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. முதல் சில நாள்ல விறைப்பு வரலாம், அதையும் கேட்டு வச்சுக்கங்க. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. ஊசியை நிறுத்தினாலும் மருந்து உடம்புல பல வாரம் தங்கும். "ஊசி இல்லாமயே ரெண்டு மாசம் நல்லாத்தானே இருக்கான்"னு நினைக்கும்போதுதான் திரும்ப வரும். நிறுத்தினதுக்கும் வந்ததுக்கும் அப்ப யாரும் முடிச்சுப் போடமாட்டாங்க. செய்வினைன்னு சொல்லிடுவாங்க.

ஐப்பசி கார்த்திகையில மண் சரிஞ்சா 20 கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து அடைச்சுக்கும். வீட்ல எப்பவும் பத்து நாள் மாத்திரை கூடுதலா இருக்கணும், பூட்டின பெட்டியில, ஒருத்தர் பொறுப்புல. எஸ்டேட் வேலைன்னா காப்பிப் பழம் பறிக்கிறதும் களத்துல கிளறிக் காயவைக்கிறதும் நல்லது. கிலோக் கணக்குக் கூலிக்கு அவசரப்படுத்தாதீங்க. சில்வர் ஓக் மேல ஏணி போட்டு மிளகு பறிக்க விடவேணாம், இந்த மருந்துங்க சட்டுனு எந்திரிச்சா தலைசுத்தல் கொடுக்கும். கீழ சேலத்துல வேற ஆபத்து, வெயில். இந்த ரெண்டு மாத்திரையும் சேர்ந்தா வேர்வை குறையும், உடம்புச் சூடு வெளிய போகாது. சித்திரை மதியத்துல நடைப்பயிற்சி வேணாம். காய்ச்சலும் உடம்பு மரக்கட்டையா விறைச்சும் குழப்பமும் சேர்ந்து வந்தா அது சளிக் காய்ச்சல் இல்ல, அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி.

ஆடிக்கு வருவோம். எட்டு பேர் வந்து தங்குறதுல ஆபத்து கூட்டம் இல்லைங்க, பாய். விருந்தாளிக்கு அவன் படுக்கிற இடத்தைக் கொடுத்துட்டு அவனைச் சமையக்கட்டுல படுக்கச் சொல்வீங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேச்சு நடக்கும். ரெண்டு ராத்திரி தூக்கம் போனா போதும். அவன் இடம் அவனுக்கே, பத்து மணிக்கு விளக்கு அணையணும். இதுக்கு ஒத்துக்காத சொந்தம் வேற வீட்ல தங்கட்டும். வண்டி வேடிக்கையில தெய்வ வேஷம், அசுர வேஷம், பம்பை, விளக்குன்னு இருக்கும். குரல் கேட்டுப் பழகினவங்களுக்கு முதல் வருஷமே தெருவுல நின்னு பாக்குறது அதிகம். தெரிஞ்சவங்க மொட்டைமாடியிலிருந்து அரை மணி நேரம், கீழ இறங்க வழி இருக்கிற பக்கமா. "போலாம்"னு அவன் சொன்னா ஏன்னு கேக்காம கிளம்பணும். மச்சான் எவனாவது "ஒரு கட்டிங்தானே"ன்னு கூட்டிட்டுப் போவான், அவங்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. விரதம்னா சாப்பாட்டை விடலாம், மாத்திரையை விடக் கூடாது.

மனநல_சமூகப்பணி:

மலை நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீடு தேடிவரும் ஆதரவு இதில் பலன் தருகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கே போய்ப் பேசியவர்களுக்கு ஓராண்டில் முடக்கம் ஓரளவு குறைந்தது. பெரிய அதிசயம் இல்லை, ஓரளவுதான். பயிற்சி பெறாத அக்காவாலும் இதில் பாதி செய்ய முடியும். சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு முக்கியமாக இந்த நோய்க்காக இயங்குகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள்.

அம்மாபேட்டை_அக்கா:

பெரியப்பாகிட்ட பேசியாச்சு, கோபத்துல இருக்கார். மாத்திரை ராத்திரி எட்டு மணிக்கு மாத்தலாம்னு டாக்டர் போன்லயே சொல்லிட்டார். நேத்து கேரட் துருவினான். துருவல் தடியா இருக்குன்னு அம்மா வாயத் திறந்தாங்க, நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கிட்டாங்க. ஒரு சந்தேகம்: பீட்ரூட்டைத் தொடமாட்டேங்கிறான், கை சிவக்குதுன்னு. வற்புறுத்தவா?

மனநல_சமூகப்பணி:

வேண்டாம். பீட்ரூட் நீங்கள் துருவுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து.